நெடுங்காலம் நின்ற பழைய லாரியை மீண்டும் சாலையில் ஓட்ட: விதிகளும் செய்ய வேண்டிய பணிகளும்

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த லாரியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டெல்லி வட்டாரத்தில் நீதிமன்ற ஆணைகளால் வந்த வயது வரம்பும், அரசுக்குச் சொந்தமான வாகனங்களின் பதிவை 15 ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியும் தனியானவை. அத்தகைய தடை இல்லாத இடங்களில், தனியாருக்குச் சொந்தமான லாரி சாலையில் ஓடலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது அதன் வயதன்று, எஃப்.சி. என்று நாம் அழைக்கும் தகுதிச் சான்றிதழே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 56ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: நடப்பிலுள்ள தகுதிச் சான்றிதழ் இல்லாத போக்குவரத்து வாகனம் (லாரி, பேருந்து போன்றவை), ஆர்.சி. புத்தகம் பத்திரமாகக் கையில் இருந்தாலும், முறைப்படி பதிவு செய்யப்பட்டதாகக் கருதப்படாது. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய லாரிக்கு இந்தச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற வண்டி, சட்டத்தின் பார்வையில், பதிவில்லாத வண்டிக்கு ஒப்பானது. பணிமனைக்கோ ஆய்வுக்கோ அதை எப்படிக் கொண்டு செல்வது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்வதே சிக்கலற்ற வழி.

ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களுக்கென்று 2021 ஜூலையில் வெளியான தனி விதிகளைப் பலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள். இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கான அத்திட்டத்தின்படி, சேசிஸ் என்ற அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி அசல் வடிவிலேயே பேணப்பட்ட வாகனத்தைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிய பதிவாக இருந்தால் எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே அதைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகப் பயன்பாட்டுக்கும் இடமில்லை. பின்புறம் இரட்டைச் சக்கரம் கொண்ட, சரக்கு வாகனமாகப் பதிவான ஒரு பழைய பெட்ஃபோர்டையோ டாடா மெர்சிடிஸ் பென்ஸையோ வைத்திருப்பவர் இத்திட்டத்தை நம்பித் திட்டமிடுவதைவிட, எஃப்.சி. வழியையே தம் வழியாகக் கொள்வது நல்லது என்பது என் கருத்து.

தாள்களைப் பொறுத்தவரை முதல் வேலை, ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதாகும். துருவேறிய சேசிஸில் எண் படிக்க முடியாமல் போயிருந்தாலோ, இடையில் யாரோ வேறு என்ஜினைப் பொருத்தியிருந்தாலோ, பழுதுபார்க்கப் பணம் செலவிடும் முன்பே பதிவு அதிகாரியிடம் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து வரி நிலுவை. வண்டி ஓடவில்லை என்று உரிய காலத்தில் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புதல் பெற்றிருந்தால் அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள். வரி விதிப்பு மாநில அரசின் கையில் இருப்பதால், விலக்கு கிடைக்குமா என்பது அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. எஃப்.சி. காலாவதியான பின் நாளொன்றுக்கு 50 ரூபாய் என்ற கூடுதல் கட்டணம் மத்திய விதிகளில் இடம்பெற்றது. பத்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டும் என்பதாலும், வழக்குகளுக்கு உள்ளான கட்டணம் என்பதாலும், உங்கள் அலுவலகம் இப்போது எதைக் கேட்கிறது என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்பீட்டை அதே சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. காப்பீடில்லாத லாரி ஒருவரை மோதிவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளர் தம் சொத்திலிருந்து தர நேரிடும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் அது எளிதில் கிடைக்காது. புகைச் சான்றிதழும் தேவை: பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) என்ற புகைத் தரத்துக்கு முந்தைய டீசல் வாகனங்களுக்குப் புகையளவு, புகையின் அடர்த்தியைக் குறிக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65ஐத் தாண்டக் கூடாது. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வாகனத்துக்குப் பர்மிட் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால் வேண்டும். 12 ஆண்டுகளைத் தாண்டிய சாதாரண லாரிக்கு (பல அச்சு வண்டி அல்லாதது), வெளி மாநிலங்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்ல உதவும் நேஷனல் பர்மிட் கிடையாது.

இனி வண்டியைப் பற்றி. எல்லாரும் முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கவே ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஓடாத என்ஜின் யாரையும் கொல்வதில்லை, நிற்காத வண்டி கொல்லும். ஆகவே பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாகையால், நெடுநாள் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும், ரப்பர் வாஷர்கள் கெட்டிப்பட்டிருக்கும். மிதித்துப் பார்த்தபோது பெடல் நின்றது என்பது சான்றாகாது. நான்கு டிரம்களையும் கழற்றி, ரப்பர் உறுப்புகளையும் ஹோஸ்களையும் புதிதாக மாற்ற வேண்டும். பழைய லாரிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் இணைப்புதான் உண்டு. ஒரு குழாய் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். அதனால் ஹேண்ட் பிரேக்கும் முழு வலுவோடு இருக்க வேண்டும். ஏர் பிரேக் வண்டியானால் காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரை வடித்து, பிரேக் அறைகளிலுள்ள ரப்பர்த் தகடுகளான டயாப்ரம்களைச் சோதியுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால் டிரம் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

டயரில் பட்டன் எனப்படும் வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது விதி. அவ்வளவு ஆழம் மிச்சமிருந்தாலும், நின்ற இடத்திலேயே வெடிப்பு விட்ட டயரை நம்ப முடியாது. டயரை வீலோடு பிடித்து நிறுத்தும் இரும்பு வளையமான லாக் ரிங் பொருத்திய பழைய வீலில் ரிங் துருப்பிடித்திருந்தால், காற்று நிரப்பும்போதே அது தெறித்து உயிரைப் பறிக்கும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றேற்ற வேண்டும். ஸ்டீயரிங்கில் 30 டிகிரிக்கு மேல் வெற்றாட்டம் (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடுவது) இருக்கக் கூடாது என்பதும் விதியே. அது மிகுந்திருந்தால் முன் சக்கரங்கள் திரும்ப உதவும் இணைப்புகளான கிங் பின், டை ராட் முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். என்ஜினைப் பொறுத்தவரை, ஆயிலை மாற்றி, டீசல் தொட்டியின் கசடையும் நீரையும் நீக்கி, என்ஜினைப் பலமுறை கையால் சுழற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். வயரிங்கில் எலி கடித்த இடம் ஒன்று விடுபட்டாலும் தீப்பற்றலாம்.

ஆய்வில் விளக்குகள், ஹாரன், வைப்பர், கண்ணாடிகள், ஸ்பீடோமீட்டர், பிரதிபலிப்பு ஸ்டிக்கர்கள் வரை பார்க்கப்படும். தானியங்கி சோதனை நிலையம் இருக்கும் இடங்களில் பிரேக் விசையை எந்திரமே அளக்கும். முதல் முறை தவறினால் குறையைச் சரிசெய்து மறுசோதனைக்குப் போக வழி உண்டு. அந்த வாய்ப்பிலும் தேறாத வண்டி ஆயுள் முடிந்ததாக அறிவிக்கப்படலாம் என்பதால், தவறியதற்கான அறிக்கையை எழுத்தில் வாங்கி, அதில் குறித்த ஒவ்வொன்றையும் முடித்து, மாற்றிய பாகங்களின் ரசீதுகளோடு குறித்த கெடுவுக்குள் மீண்டும் செல்லுங்கள்.