காசோலையில் ‘1947’ என்று இருந்தாலும் பணம் கிடைக்குமா?

இந்தி பேசும் மாநிலத்திலிருந்து வந்த காசோலை ஒன்றில் ‘சிராவண் 24, 1947’ என்று தேதி எழுதியிருந்தால், அது எழுபத்தெட்டு ஆண்டுப் பழசு என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். அது சக ஆண்டுக் கணக்கில் எழுதிய தேதி; நம் வழக்கில் 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதியிட்ட காசோலை.

இந்திய அரசு சக ஆண்டு நாட்காட்டியைத் தேசிய நாட்காட்டியாக ஏற்று, சைத்ர மாதம் 1, 1879 ஆகிய 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது; இதற்கான பரிந்துரையை அளித்தது இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு. இந்திய அரசிதழின் தலைப்பில் ஆங்கிலத் தேதியும் சகத் தேதியும் சேர்ந்தே அச்சாவது இதனால்தான். இந்தியில் எழுதப்பட்டுச் சகத் தேதியிட்ட காசோலையும் செல்லத்தக்கதே என்றும், மற்றவை முறையாக இருந்தால் அதற்குப் பணம் தர வேண்டும் என்றும், காலாவதியான காசோலைக்குப் பணம் போய்விடாதபடி இணையான ஆங்கிலத் தேதியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்றும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது.

கணக்கு எளிது. சைத்ரம் முதல் தேதி மார்ச் 22. லீப் ஆண்டில் மட்டும் மார்ச் 21. அன்று முதல் டிசம்பர் 31 வரையிலான தேதியாக இருந்தால் சக ஆண்டுடன் 78-ஐயும், ஜனவரி முதல் அந்தச் சக ஆண்டு முடியும் நாள் வரையிலான தேதியாக இருந்தால் 79-ஐயும் கூட்ட வேண்டும். சிராவணம் ஜூலை 23-இல் பிறப்பதால் அதன் 24-ஆம் நாள் ஆகஸ்ட் 15 ஆகிறது. அதே 1947-இன் மாக மாதம் 6-ஆம் தேதியோ 2026 ஜனவரி 26. சைத்ரத்தைச் சித்திரை என்று கொள்ளக் கூடாது. நம் சித்திரை பிறக்க அதற்குப் பின்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்.

காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதை வங்கியில் அளித்துவிட வேண்டும். 2012 ஏப்ரல் 1-க்கு முன் இந்தக் கெடு ஆறு மாதமாக இருந்தது. எனவே மேற்சொன்ன சிராவணக் காசோலைக்கு நவம்பர் நடுப்பகுதி வரைதான் உயிர். சகத் தேதியை எழுதுவோர் மாதத்தின் பெயரை எழுத்தில் குறிப்பதே நல்லது. சிராவணம் ஐந்தாம் மாதம் என்பதால் எட்டுக் கட்டங்களில் வெறும் எண்களாக 24 05 1947 என்று நிரப்பினால், கவுன்டரில் இருப்பவர் அதை மே மாதம் என்றுதான் படிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

காசோலையைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் சக ஆண்டைப் பற்றியது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் காணும் திருவள்ளுவர் ஆண்டைப் பற்றியதன்று. ஆகவே தமிழில் எழுதுவோர் தேதிக் கட்டங்களில், எடுத்துக்காட்டாக, 2056 என்று இடாமல் 2025 என்று ஆங்கில ஆண்டையே இட வேண்டும்.