எந்த மாத்திரை, எந்தத் தேதி

கல்லீரல் கெட்டது மருந்தால்தான் என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. இதைச் சொன்னால் படித்தவர்களே நம்பத் தயங்குகிறார்கள். கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி. என்ற என்சைமும், காமாலையில் கூடும் மஞ்சள் நிறமியான பிலிருபினும் ஏறியிருப்பதை ஆய்வுக்கூடம் காட்டும். எதனால் ஏறின என்று காட்டாது. வைரஸ், பித்தக்குழாயில் கல், மது, உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகுதான் மருந்தைச் சந்தேகிக்க முடியும். அந்தச் சந்தேகம் நிற்பதும் விழுவதும் நோயாளி சொல்லும் விவரத்தில் இருக்கிறது. எதைச் சாப்பிட்டார், எப்போது ஆரம்பித்தார், எப்போது நிறுத்தினார்?

மருத்துவமனையின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவில், பக்கவிளைவு என்று சந்தேகப்பட்டு வரும் அறிக்கைகளைப் படித்துத் தரம் பிரிப்பது என் வேலை. அறிக்கைகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை முடிவுகள் பக்கம் பக்கமாக இருக்கும். மாத்திரை ஆரம்பித்த தேதி இருக்காது. 'ஏதோ ஆன்டிபயாடிக்' என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த அறிக்கையை வைத்து எந்த ஆராய்ச்சியும் செய்ய முடியாது.

மருந்து கல்லீரலைத் தாக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, அளவு மீறினால் யாருக்கும் நேரக்கூடியது. இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் பாராசிட்டமால். சரியான அளவில் இது மிகப் பாதுகாப்பான மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே போன பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிக்கலின்றி வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். குளுட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும். அளவு கூடும்போது குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். அப்புறம் அந்த நச்சு கல்லீரல் செல்களின் புரதங்களிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றைச் சாகடிக்கும். வயது வந்தவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. உடல் எடை குறைந்தவர்கள், தொடர்ந்து மது அருந்துபவர்கள், சில நாட்களாகச் சாப்பாடே இறங்காதவர்கள் ஆகியோருக்கு அதைவிடக் குறைவாகத்தான் தர வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, முதுகுவலி மாத்திரை என்று மூன்று பெயர்களில் ஒரே பாராசிட்டமாலைச் சாப்பிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல், மருத்துவர் சீட்டுக்குத் தரப்படும் கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலை 325 மி.கி.க்குள் நிறுத்தச் சொன்னது இதனால்தான். இன்னொன்று, அளவு மீறிச் சாப்பிட்டவர் முதல் நாள் நன்றாகவே தெரிவார். லேசான குமட்டல் இருக்கலாம், அதுவும் அடங்கிவிடும். கல்லீரல் என்சைம்கள் எகிறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆனால் இந்த நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் முழுப் பலன் தருவது முதல் 8 மணி நேரத்துக்குள். 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று வீட்டில் காத்திருக்கும் நேரம், சிகிச்சை கைகொடுக்கும் நேரத்திலிருந்து கழிகிறது.

இரண்டாவது வழிதான் ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகளாகத் திணறடிப்பது. சரியான மருந்து, சரியான அளவு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு எதுவும் ஆகாது; யாரோ ஒருவருக்கு மட்டும் கல்லீரல் பாதிக்கப்படும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் பாதிப்பை ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, சுமார் 30,000 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். புதிய மருந்து சந்தைக்கு வருமுன் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். டிராக்ளிடசோன் என்ற சர்க்கரை நோய் மருந்து 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது, கல்லீரல் செயலிழப்புகளால் 2000இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் முன்னால், 1993இல், ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்கான ஃபயலூரிடின் மருந்துச் சோதனையில் 15 பேரில் ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இருவரைக் கல்லீரல் மாற்று அறுவை காப்பாற்றியது. முன்னால் செய்த விலங்குச் சோதனைகள் எதுவும் இந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சின்னச் சோதனையில் பெரிய ஆபத்தை எப்படி மோப்பம் பிடிப்பது? அமெரிக்க மருத்துவர் ஹைமன் சிம்மர்மன் கவனித்த ஒன்று இன்றும் எங்களுக்கு உதவுகிறது. மருந்து கல்லீரல் செல்களைத் தாக்கி, கூடவே மஞ்சள் காமாலையும் வந்தால், அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறக்கிறார் அல்லது அவருக்கு மாற்றுக் கல்லீரல் தேவைப்படுகிறது என்றார் அவர். ஏ.எல்.டி. இயல்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல், பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேல், வேறு காரணம் எதுவும் இல்லை. சோதனையில் இப்படி ஓரிருவர் தென்பட்டாலே அந்த மருந்தின்மீது எச்சரிக்கை மணி அடிக்கும். என்சைம் மட்டும் லேசாக ஏறுவது வேறு கதை. பல மருந்துகளில் அது மருந்தைத் தொடரும்போதே தானாகத் தணிந்துவிடும்.

மரபணுவில் விடை கிடைக்குமா என்றும் பார்த்தார்கள். ஃப்ளூக்ளாக்சசிலின் என்ற ஆன்டிபயாடிக்கில் கிடைத்தது. எச்.எல்.ஏ-பி 57:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 80 மடங்கு என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களிலும் மிகப் பெரும்பாலோர்க்கு அந்த மருந்து ஒன்றும் செய்வதில்லை. அதனால் எல்லாருக்கும் முன்கூட்டியே பரிசோதித்துப் பயனில்லை. மனிதக் கல்லீரல் செல்களைச் சிறு சில்லில் (சிப்) வளர்த்து மருந்தைச் செலுத்திப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. 2022இல் வெளியான ஆய்வில் அது ஆபத்தான மருந்துகளில் 87 சதவீதத்தை அடையாளம் கண்டது. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனாலும் நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சில்லால் பதில் சொல்ல முடியாது.

அங்கே நடப்பது இப்படித்தான். அறுபதைத் தாண்டியவர், கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பு முழுக்க அரிப்பு. "மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா ஐயா?" "இல்லைங்க டாக்டர், ஒண்ணும் கிடையாது." பக்கத்தில் மகள் தலையாட்டுகிறார். கேள்வியை மாற்றுகிறேன். "போன மூணு மாசத்துல பல்வலி, காதுவலி, சளின்னு எங்கேயாவது காட்டினீங்களா?" "பல்லுக்கு ஒரு வாரம் மாத்திரை போட்டேன். அது முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே!" அட்டையின் படத்தை மகள் தன் போனில் தேடி எடுக்கிறார். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த ஆன்டிபயாடிக்.

மருந்தை நிறுத்தி வாரக்கணக்கான பிறகும் காமாலையைக் கொண்டுவரக்கூடியது இந்தக் கூட்டு. வயதான ஆண்களிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது. ஐஸ்லாந்தில் 2010, 2011 ஆண்டுகளில் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 19 பேருக்கு மருந்தால் கல்லீரல் பாதிப்பு வந்தது. காரணப் பட்டியலில் முதலிடம் இந்தக் கூட்டு மருந்துக்குத்தான். அதைச் சாப்பிட்ட 2,350 பேரில் ஒருவருக்கு வந்தது. அந்த மருந்தே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. முடிந்துபோன மருந்தையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தின்மீது பழி போடுவதிலும் அவசரம் கூடாது. அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலையமைப்பு, மருந்தால் வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் ரத்தத்தை மறுபடி பரிசோதித்தது. அவர்களில் சுமார் 3 சதவீதத்தினரிடம் ஹெபடைட்டிஸ் ஈ வைரஸ் சமீபத்தில் தொற்றியதற்கான தடயம் இருந்தது.

அதே வலையமைப்பு கண்ட இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. அவர்கள் பதிவு செய்த பாதிப்புகளில் மூலிகை, ஊட்டச்சத்துத் தயாரிப்புகளின் பங்கு பத்தாண்டுகளில் 7 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. உடற்பயிற்சிக்கூடத்தில் தரும் பவுடர், எடை குறைக்கும் கேப்சூல், செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு, உடல் அதிகம் உறிஞ்சும்படி மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் எல்லாம் இதில் வரும். கேட்டால் "அது மருந்தே இல்லையே" என்கிறார்கள். கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டப்பாவையே கையோடு கொண்டு வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. காசநோய் சிகிச்சையில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ஆனால் பயந்து தானாக நிறுத்தினால் நோய் முற்றும், கிருமி மருந்துக்குப் பணியாத வகையாக மாறும். அறிகுறிகளோடு ஏ.எல்.டி. மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறி இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ மருத்துவரே நிறுத்துவார். கல்லீரல் தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார். கொலஸ்டிராலுக்கான ஸ்டேட்டின் மாத்திரைகளைப் பற்றிய பயம் இன்னும் தேவையற்றது. அவற்றால் கடுமையான கல்லீரல் பாதிப்பு மிக மிக அபூர்வம்.

கவனிக்க வேண்டியது உடம்பு காட்டும் மாற்றங்களை. புதிய மருந்து ஆரம்பித்த வாரங்களில் பசி அடியோடு போவது, காரணமில்லாத அசதி, குமட்டல், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, அரிப்பு. இவை வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். கண் மஞ்சளானாலோ, பேச்சு குழறினாலோ, அளவுக்கு மீறித் தூக்கம் தள்ளினாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஒரு மருந்தால் கல்லீரல் கெட்டது என்று முடிவானால், அதே மருந்து மறுபடி உள்ளே போகக் கூடாது. இரண்டாம் முறை பாதிப்பு விரைவாகவும் கடுமையாகவும் வரலாம். அதனால் அதன் மூலப்பெயரை, நிறுவனம் வைத்த பெயரை மட்டும் அல்ல, மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பக்கவிளைவு அறிக்கை அனுப்பிவிட்டார்களா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அறிக்கை அனுப்பச் சந்தேகமே போதும், நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. மருந்தின் பெயர், அளவு, ஆரம்பித்த நாள், நிறுத்திய நாள், முதல் அறிகுறி தெரிந்த நாள், அதே சமயத்தில் சாப்பிட்ட மற்றவை எல்லாம் அதில் இருக்கட்டும்.