பெண் பாம்புக்கு ஏன் விலை அதிகம்?

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து கைப்பேசிக்கு வரும் வீடியோக்களில் இப்போது பாம்பு வளர்ப்பும் சேர்ந்துவிட்டது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கையில் சுருண்டு கிடக்கும் குட்டிகளைப் பார்க்கிற பையன்களுக்கு ஒரு விஷயம் புரிவதில்லை. ஒரே நிறம், ஒரே வயசு, ஒரே தாய் இட்ட முட்டையில் பொரிந்தவை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்துக் குட்டிக்கு வேறு வேறு விலை போட்டிருக்கிறது. பெரும்பாலும் விலை கூடியது பெண்ணாக இருக்கும்.

அந்த வீடியோக்களில் அதிகம் வருவது பால் பைத்தான் (ball python). மேற்கு ஆப்பிரிக்கா, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். செல்லமாக வளர்க்க ஆண் ஆனால் என்ன, பெண் ஆனால் என்ன? குணத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியானால் விலையை ஏற்றுவது செல்லமாக வளர்ப்பவர் இல்லை, குட்டி எடுத்து விற்க நினைப்பவர். அவருடைய கணக்கு தெரிந்தால் விலையும் புரிந்துவிடும்.

ஆண் பால் பைத்தான் சுமார் ஒரு வயதில், அறுநூறு எழுநூறு கிராம் எடை வந்ததும் இணை சேரத் தயாராகிவிடும். பெண்ணுக்கு அது போதாது. ஒன்றரைக் கிலோ வர வேண்டும், அதற்கு மூன்று வருடம் போல ஆகும். அப்புறமும் ஒரு தடவைக்கு ஐந்தாறு முட்டைதான். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் பெண் முட்டையை உருவாக்குகிறது. சினையாக இருக்கும்போது பெரும்பாலும் இரையைத் தொடாது. இட்ட பிறகு இயற்கையில் இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு பட்டினியாகவே கிடக்கும். முடிவில் தோல் தளர்ந்து முதுகெலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கும். இழந்த எடை திரும்பாவிட்டால் அடுத்த வருடம் முட்டை கிடையாது. ஆணுக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. ஒரே பருவத்தில் நாலைந்து பெண்களோடு அதைச் சேர்க்கலாம்.

கொடி ஆடு வளர்க்கிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது, இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். ஆனால் ஆட்டில் மிஞ்சுகிற கிடாக்குட்டி கறிக்குப் போகும், பக்ரீத் நேரத்தில் நல்ல விலைக்கே போகும். பாம்பில் மிஞ்சுகிற ஆணுக்கு அப்படி ஒரு போக்கிடம் இல்லை. முட்டையில் பாதி ஆண், பாதி பெண்ணாகத்தான் பொரிகிறது. தேவையோ ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண். மீதி ஆண்கள் எல்லாம் சந்தையில் தேங்கி, விலை இறங்குகிறது.

இது எப்போதும் இப்படியே இருப்பதில்லை என்பதுதான் சுவாரசியம். புதிதாக ஒரு நிறம் தோன்றும்போது கணக்கு தலைகீழாகும். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே வெளியே தெரிகிற நிறம் என்று வைத்துக்கொள்வோம். அது உள்ள பெண் கையில் இருந்தால் ஆறு முட்டை, அதில் மூன்று குட்டிக்கு அந்த நிறம் வரலாம். ஆண் கையில் இருந்தால், ஐந்து சாதாரணப் பெண்களோடு சேர்த்து, அதே பருவத்தில் பதினைந்து குட்டி எடுக்கலாம். அதனால் முதல் ஓரிரு வருடம் ஆணுக்குத்தான் போட்டி. அப்புறம் ஆளுக்கு ஓர் ஆண் கிடைத்துவிடும், இரண்டாவது ஆண் யாருக்கும் வேண்டாம். ஆணின் விலை சறுக்குகிற வேகத்தில் பெண்ணின் விலை சறுக்காது.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிகிற மரபணுவை ஒடுங்கு மரபணு என்பார்கள். அதனால் வருகிற நிறங்களில் இன்னும் பொறுமை வேண்டும். கருநிறமி இல்லாத அல்பினோ அப்படித்தான். அல்பினோ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் குட்டிகள் எல்லாம் பார்வைக்குச் சாதாரணம், உள்ளே மட்டும் அந்த மரபணுவின் ஒரு பிரதி மறைந்திருக்கும். அந்தப் பெண் குட்டியை மூன்று வருடம் வளர்த்து, மறுபடி அல்பினோ ஆணோடு சேர்த்தால்தான் பாதிக் குட்டிகள் அல்பினோவாகப் பொரியும். நன்றாக வளர்ந்த பெண் பாம்பை ஒருவர் விற்கும்போது அந்த மூன்று வருட எலித்தீனியையும் காத்திருப்பையும் சேர்த்துத்தான் விற்கிறார். குட்டியைவிட வளர்ந்த பெண்ணுக்குப் பல மடங்கு விலை வருவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ‘பனானா’ என்கிற மஞ்சள் நிற வகை. இதில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாத இரண்டு ஆண்களுக்கே வேறு வேறு விலை. ஒன்றைச் சேர்த்தால் மஞ்சள் குட்டிகள் கிட்டத்தட்ட எல்லாம் ஆணாக வரும். இன்னொன்றைச் சேர்த்தால் மஞ்சள் குட்டிகள் கிட்டத்தட்ட எல்லாம் பெண். வளர்ப்பவர்கள் இவற்றை ‘மேல் மேக்கர்’ (ஆண் குட்டி தருவது), ‘ஃபீமேல் மேக்கர்’ (பெண் குட்டி தருவது) என்று பிரித்து விற்கிறார்கள்.

காரணம் இதுதான். பாம்புகள் எல்லாவற்றிலும் பறவைகளைப் போலப் பெண்தான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோம்களில் இருவேறு வகையைச் சுமக்கிறது என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, போவா என்ற பாம்பு வகையிலும் மலைப்பாம்பிலும் அப்படி இல்லை, நம்மைப் போல ஆணுக்கு எக்ஸ்-ஒய், பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ் என்று காட்டியது. பனானா மரபணு இந்தப் பால் குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஆண் அதைத் தகப்பனிடமிருந்து பெற்றிருந்தால் அது ஒய்-யில் இருக்கும், மகன்களுக்குப் போகும். தாயிடமிருந்து பெற்றிருந்தால் எக்ஸ்-இல் இருக்கும், மகள்களுக்குப் போகும். எப்போதாவது இரண்டு குரோமோசோம்களும் துண்டு மாற்றிக்கொள்வதால் ஒன்றிரண்டு விதிவிலக்குகள் வரும். பல வருடக் குட்டிக் கணக்கை எழுதி வைத்த வளர்ப்பாளர்களுக்கு, குரோமோசோம் ஆய்வு வரும் முன்பே இந்தப் போக்கு தெரிந்திருந்தது.

சரி, குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது? நிறத்தை வைத்து முடியாது. நம் ஊரில் சாரை ஆண், நல்ல பாம்பு பெண் என்று சொல்வதுண்டு. இரண்டும் தனித்தனி இனங்கள், இரண்டிலும் ஆணும் பெண்ணும் உண்டு. கண்மாய்க் கரையில் இரண்டு பாம்பு எழும்பி எழும்பிப் பின்னிக்கொள்வதைப் பார்த்து, இணை சேர்கின்றன என்று வேட்டியை விரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது அநேகமாக இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவதாகத்தான் இருக்கும்.

ஆண் பாம்புக்கு ஒன்றல்ல, இரண்டு உறுப்புகள். இரண்டும் கழிவுத் துளைக்குப் பின்னால், வாலுக்குள் உள்பக்கமாக மடிந்து கிடக்கும். பொரிந்து சில நாளான குட்டியின் வாலடியைப் பெருவிரலால் மெல்ல உருட்டி அழுத்தினால் ஆணுக்கு அவை சிவப்பாக வெளியே வரும். பெரிய பாம்பென்றால் முனை மழுங்கிய மெல்லிய எஃகுக் கம்பியை எண்ணெய் தொட்டு வால் பக்கமாக நுழைப்பார்கள். பெண்ணில் மூன்று நான்கு செதில் தூரத்தோடு நின்றுவிடும், ஆணில் எட்டு, ஒன்பது செதில் வரை போகும். பழகாத கை கொஞ்சம் அழுத்தினாலே உள்ளே கிழிந்துபோகும். அந்தப் பாம்பு பிறகு இனப்பெருக்கத்துக்கே உதவாமல் போகலாம். வீடியோ பார்த்துச் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் இயற்கையாக வாழும் பாம்புகளைப் பிடித்து வளர்க்க 1972-ஆம் வருடக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்கள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், அவற்றை வைத்திருப்பதையும் குட்டி பிறப்பதையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2022-ல் வந்த சட்டத் திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. பெட்டியில் அடைத்து விமானத்தில் கடத்தி வரப்பட்ட குட்டிகளைச் சென்னையிலும் திருச்சியிலும் சுங்கத்துறை பிடித்த செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

பெண்ணுக்குக் கூடுதல் மதிப்பு என்பது பண்ணைக்குள் வெறும் கணக்கு. காட்டுக்குள் அதுவே ஆபத்து. கானா, டோகோ, பெனின் நாடுகளில் ஏற்றுமதிக்காக வளையைத் தோண்டிச் சினைப் பெண்களையும் முட்டைகளையும் எடுக்கிறார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த இடத்தில் இருப்பது மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்பு என்று சொல்கிறோமே, அதுதான். அதிர்ஷ்டம் தரும், மருந்தாகும் என்ற பொய்யை நம்பி அதற்கு லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள், அதுவும் எடையைப் பார்த்து. ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மண்ணுளியில் பெண்தான் ஆணைவிடப் பெரியதாக, கனமாக வளரும். குட்டி போடுவதும் அந்தப் பருத்த பெண்தான். எடை பார்த்துப் பிடிக்கிறவர் கையில் முதலில் போவது, தேரிக்காட்டு மணலிலும் கடற்கரைத் தோப்புகளிலும் பல வருடம் எலி தின்று வளர்ந்து, குட்டி போடத் தயாரான பெண்கள். அவை இருந்த இடத்தில் அடுத்த தலைமுறை வர, மீதமிருக்கும் சிறிய பெண்கள் அதே எடைக்கு வளர்ந்தாக வேண்டும். அதற்கு இன்னும் பல வருடம் ஆகும்.