"சின்னக் குத்துதான் மிஸ்"

எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் துப்புரவு வேலை பார்த்த ஒரு அக்கா. வீடு நிலாவெளிப் பக்கம். தொற்றுக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி அவருடைய தொடையில் குத்திவிட்டது. நான்காம் நாள், தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சொன்னார்: "சின்னக் குத்துதான் மிஸ், ரத்தம்கூடப் பெரிசா வரல்ல."

எனக்குத் திக்கென்றது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. அந்த நேரம் போய்விட்டது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசியும் அவர் போட்டிருக்கவில்லை. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்தக் கிருமி உள்ளவரின் ஊசி குத்தினால் நூற்றுக்கு 30 வரை தொற்ற இடமுண்டு. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு 3 அளவுதான்.

ஏன் சொல்லவில்லை? "ஏசுவாங்க மிஸ்." நிரந்தரம் இல்லாத அமைய ஊழியர், வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் பைக்குள் ஊசியைப் போட்டது அவர் இல்லையே! கூர்ப்பொருள் பெட்டிக்குப் போக வேண்டியதை அங்கே போட்டது தாதியோ டாக்டரோ, எங்களில் ஒருவர்தான். கையுறை போட்டீர்களா என்று அவரை விசாரிக்கும் முன், ஊசியைப் பைக்குள் போட்டது யார் என்றுதான் நாங்கள் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 2015 முதல், வேலையில் அடிபட்டு ஒருவர் சிகிச்சைக்காக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டாலோ, உறுப்பையோ கண்ணையோ இழந்தாலோ 24 மணித்தியாலத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஊசிக்குத்து அநேகமாக அதற்குள் வராது. அதற்கு அங்கே தனிப் பதிவேடு. நோயாளியைக் கட்டிலில் இருந்து ட்ரொலிக்குத் தூக்கித் தூக்கி முதுகு போன தாதிகளும் அநேகமாக அந்த விதிக்குள் வரமாட்டார்கள். இங்கே அந்த முதுகு வலி சுகவீன லீவாக மட்டும் பதிவாகும், வேலையில் வந்த காயம் என்று யாரும் எழுதுவதில்லை. பிறகு நட்டஈடு கேட்கப் போனால் கையில் ஒரு தாளும் இருக்காது.

குத்தினால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். உடனே பொறுப்புத் தாதியிடம் சொல்லுங்கள். நேரம், இடம், என்ன ஊசி, தெரிந்தால் யாருக்குப் போட்டது என்று அன்றே எழுதுங்கள்.

அக்காவுக்கு அன்றே ஹெபடைடிஸ் பி முதல் ஊசி போட்டோம். ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் ரத்தம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அந்த மூன்று மாதமும் அவர் சரியாகத் தூங்கவில்லை. லாச்சிக்குள் பூட்டிக் கிடந்த, ஊசிக்குத்தை அறிவிக்கும் படிவம் இப்போது தமிழிலும் சிங்களத்திலும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.