ரெசின் ஆர்ட்: செலவுக் கணக்கில் கையுறையைக் காணோமே!

கண் இமை வீங்கி, கன்னம் சிவந்து, விரல் நுனியில் தோல் வெடித்து வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் சோப்பு, தலைச்சாயம் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "வீட்டில் ரெசின் ஏதாவது ஊற்றுகிறீர்களா?" என்று கேட்டுவிடுகிறேன். இரண்டு திரவங்களைக் கலந்து மோல்டில், அதாவது அச்சில், ஊற்றி இறுக வைத்து நகையும் அலங்காரப் பொருளும் செய்கிறார்களே, அந்த ரெசின் ஆர்ட்டைத்தான் கேட்கிறேன். ஆமாம் என்பவர்கள் கூடவே ஒன்று சொல்வார்கள்: "ஆனா டாக்டர், அது நான்-டாக்சிக். விஷமில்லன்னு பாட்டில்லயே போட்டிருக்கு."

இந்த வாரம் அதை மறுபடியும் கேட்டேன். தோல் மருத்துவராக எனக்கிருந்த பொறுமை அத்தோடு தீர்ந்தது.

வந்தவர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குவதற்கு முன்பே செலவுக் கணக்கு போட்டிருக்கிறார். கைபேசியில் பட்டியலைக் காட்டினார். ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும், சிலிகான் மோல்டுகள், பிக்மென்ட், மைக்கா பவுடர், கிளிட்டர், தங்க இழை, ஹீட் கன், அளவுக் கப், கலக்குகிற குச்சி எல்லாம் இருந்தது. நல்ல பட்டியல்தான். கையுறை எங்கே என்றேன். கிட்டோடு ஒரு ஜோடி வந்ததாம், மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதைக் கழுவிக் கழுவிப் பல மாதம் ஓட்டியிருக்கிறார். சிக்கனம்!

"ரெசின் ஆர்ட் தொடங்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிற எல்லோரிடமும் இந்த ஓட்டையைப் பார்க்கிறேன். தொடக்கக் கிட் மலிவாகத் தெரியும். அதிலுள்ள பாட்டில்கள் சிறியவை, நாலைந்து சின்னப் பொருள்களுக்குள் தீர்ந்துவிடும். மோல்டு, ஹீட் கன் போன்றவை ஒருமுறைச் செலவு. ரெசின், கப், கையுறை, தரைவிரிப்புத் தாள், முகக்கவசத்தின் கார்ட்ரிட்ஜ் (மாற்றும் வடிகட்டி) ஆகியவை திரும்பத் திரும்ப வரும் செலவு. இவற்றில் ரெசினைத் தவிர மற்றதெல்லாம் "அப்புறம் பார்த்துக்கலாம்" பட்டியலுக்குப் போய்விடுகிறது. கை மரத்துப்போகும் அளவுக்கு அரித்த பிறகு மருந்து, பரிசோதனை, வேலைக்கு விடுப்பு என்று வரும் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை.

சரி, அந்த நான்-டாக்சிக் விஷயத்துக்கு வருவோம். இதைப் பொறுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

ஒரு பொருள் விஷமா என்று பார்ப்பது வேறு, அது ஒவ்வாமை உண்டாக்குமா என்று பார்ப்பது வேறு. உடலுக்குள் எவ்வளவு போனால் உறுப்புகள் கெடும் என்பது விஷத்தின் கணக்கு. ஒவ்வாமையில் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு மூலக்கூறை ஒருமுறை எதிரி என்று அடையாளம் கண்டுவிட்டால், அதன் பிறகு மிகச் சிறு அளவே போதும். வேர்க்கடலை யாருக்கும் விஷமில்லை, ஆனால் சிலரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிடும். பாட்டிலில் நான்-டாக்சிக் என்று இருப்பதாலேயே அது உங்கள் தோலுக்கு உத்தரவாதம் ஆகிவிடாது. பல நேரம் அந்த வாசகம் முழுதாக இறுகிய ரெசினைப் பற்றியது. நீங்கள் கையில் பிடித்திருப்பதோ இறுகாத திரவம்.

அந்தத் திரவத்தில் என்ன இருக்கிறது? 'ஏ' பாட்டிலில், அதாவது ரெசினில், பெரும்பாலும் பிஸ்பீனால் ஏ டைகிளைசிடைல் ஈதர் என்ற எபாக்சி. அதைத் தண்ணீர்போல ஓட வைக்கச் சேர்க்கும் நீர்ப்பான்களில் சிலவும் ஒவ்வாமை தருபவையே. 'பி' பாட்டிலில் அமீன் வகை ஹார்டனர். இது தோலை அரித்துப் புண்ணாக்கவும் செய்யும், ஒவ்வாமையும் தரும். இரண்டும் ஒன்றோடொன்று வேகமாகப் பிணைவதால்தான் கண்ணாடிபோல இறுகுகிறது. அதே எபாக்சி உங்கள் தோலின் புரதத்தோடும் பிணைந்துகொள்ளும். வேறு யாரோ கலப்படம் செய்து தோலைக் கெடுக்கவில்லை, ரெசினின் வேலையே அதுதான்.

"வாசனையே இல்லையே டாக்டர்" என்பது அடுத்த வாதம். எபாக்சி ரெசின் எளிதில் ஆவியாகாது, அதனால் மணம் குறைவு. தோலில் படுவதற்கு அது ஆவியாக வேண்டியதும் இல்லை. விரலில் பட்டு, விரலிலிருந்து கைபேசிக்குப் போய், கைபேசியிலிருந்து கன்னத்துக்கு வந்துவிடும். இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. அதனால்தான் கையைவிட முகம் முதலில் வீங்குகிறது. "கையில படவே இல்ல, கண்ணுல எப்படி?" என்று கேட்பவர்கள் தங்கள் கைபேசியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கலாம்.

தாவரத்திலிருந்து தயாரித்தது என்று போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். தாவரக் கிளிசரினில் தொடங்கி அதே எபாக்சி மூலக்கூறைச் செய்ய முடியும். மூலக்கூறு ஒன்றாக இருக்கும்போது அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தோல் விசாரிக்காது. ஏ.எஸ்.டி.எம். டி-4236 என்ற அமெரிக்கத் தர முத்திரையும் அப்படித்தான். கலைக்குப் பயன்படும் மூலப்பொருளை ஒரு நச்சியல் நிபுணர் ஆராய்ந்து, தேவையான எச்சரிக்கைகளை லேபிளில் போட்டிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். எச்சரிக்கை இருக்கிறது என்பதற்கான முத்திரையைக் காட்டி, ஆபத்தே இல்லை என்று என்னிடம் வாதாடுகிறார்கள்.

படிக்க வேண்டியது வேறொன்று. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாள். அதன் 2-ஆம் பிரிவில் எச்317 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். தோலில் ஒவ்வாமை உண்டாக்கலாம் என்பதற்கான சர்வதேசக் குறியீடு அது. ஹார்டனரின் தாளில் எச்314 இருந்தால், கடுமையான தோல் புண்ணும் கண் பாதிப்பும் உண்டாக்கும் என்று பொருள். 8-ஆம் பிரிவில் எந்த வகைக் கையுறை வேண்டும் என்றே எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இன்னொரு வாதமும் உண்டு: "ஒரு வருஷமா செய்றேன், ஒண்ணும் ஆகலையே." இந்த வகை ஒவ்வாமை தாமதமாகவே வரும். முதலில் உடல் அந்தப் பொருளை அடையாளம் காண வேண்டும். அதற்குச் சில வாரங்களும் ஆகலாம், சில வருடங்களும் ஆகலாம். அதுவரை ஒன்றும் தெரியாது. அடையாளம் கண்டபின், ஒவ்வொரு முறை பட்ட பிறகும் ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் வரும். சனிக்கிழமை ஊற்றியதற்குத் திங்கள்கிழமை வீங்கினால் யார் ரெசினைச் சந்தேகிப்பார்கள்? புது ஷாம்பூவின் மேல் பழி போடுவார்கள். ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். அதைப் போக்கும் மருந்து என்னிடம் இல்லை. வாங்கி அடுக்கிய மோல்டுகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

புற ஊதா ஒளியில் இறுகும் யூவி ரெசின் பாதுகாப்பானது, நிமிடத்தில் இறுகிவிடுகிறது என்று அதற்குத் தாவுகிறவர்களுக்கு: அதில் இருப்பது அக்ரிலேட் வகை. அதுவும் ஒவ்வாமை தரும். மெல்லிய கையுறை வழியாகச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அக்ரிலேட் ஒவ்வாமை வந்தால் ஜெல் நகப்பூச்சு, பல் மருத்துவத்தில் பயன்படும் சில பொருள்கள், சர்க்கரை அளவைக் கண்காணிக்க உடலில் ஒட்டும் சில கருவிகளின் பசை வரை தொல்லை நீளலாம்.

பணக் கணக்கையும் கொஞ்சம் திருத்தித் தருகிறேன். பட்டியலின் முதல் வரியில் நைட்ரைல் கையுறைப் பெட்டி. லேடெக்ஸ் வேண்டாம், வினைல் வேண்டாம். ஒவ்வொரு ஊற்றலுக்கும் புது ஜோடி. ரெசின் பட்டுவிட்டால் நடுவிலேயே கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுங்கள். கழுவி மறுபடி போடுகிற பேச்சே வேண்டாம். அதற்கு அடுத்து, கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த முகக்கவசம். துணி மாஸ்க்கும் என்95-உம் ஆவியைத் தடுக்காது. இறுகிய பொருளைத் தேய்க்கும்போது வரும் தூசுக்குத்தான் என்95 உதவும். அதையும் நனைத்துத் தேய்த்தால் தூசு குறையும். பிறகு கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மேசைமேல் விரிக்க ஒரு தாள். இவற்றுக்குப் பிறகு மிஞ்சுவதில் ரெசின். அதற்கும் பிறகு மிஞ்சினால் கிளிட்டரும் தங்க இழையும். பணம் போதவில்லையா, ஒரே மோல்டு, ஒரே நிறம் போதும். ஹீட் கன்னைத் தள்ளிப்போடலாம். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று நிறுத்தி, மெதுவாகக் கலக்கினாலே குமிழி குறையும். மிஞ்சுவதைப் பல்குச்சியால் குத்திவிடலாம்.

அளவில் சிக்கனம் பார்க்காதீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். எபாக்சியில் அது நடக்காது. விகிதம் தப்பினால் ஒரு பகுதி இணை கிடைக்காமல் அப்படியே தங்கிவிடும். பிசுபிசுப்பாக நிற்கிறதே, அது இறுகாத ரசாயனம். அதை மோதிரமாகவும் வளையலாகவும் செய்து தோழிக்குப் பரிசளிக்கிறீர்கள். கன அளவில் 1:1 என்று சொன்னதை எடையில் 1:1 என்று நிறுத்தாலும் தப்புதான், ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது. ஒரு நாளில் மோல்டிலிருந்து எடுக்க முடிந்தாலும், முழுதாக இறுகத் தயாரிப்பைப் பொறுத்து 3 முதல் 7 நாள்வரை ஆகும். அதற்கு முன் தோலில் போட வேண்டாம்.

கையில் பட்டால் அசிட்டோன், தின்னர், சானிடைசர் எதுவும் போடாதீர்கள். ரெசினை இளக்கித் தோலில் இன்னும் பரப்பிவிடும், உள்ளேயும் இறக்கும். காகிதத்தால் துடைத்துவிட்டு சோப்பும் நீரும் போதும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம். பெரிய கப்பில் நிறையக் கலந்து அப்படியே வைத்தால் தானாகச் சூடேறிப் புகையும், பிளாஸ்டிக் கப் உருகும். நிறம் சேர்க்கும் ஆல்கஹால் இங்க் பக்கத்தில் இருக்கும்போது, குமிழி நீக்கும் தீச்சுடர் டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள், தீக்காயத்தோடு வந்தவர்களும் உண்டு. சமையல் மேசை வேண்டாம், சமையல் கரண்டி வேண்டவே வேண்டாம். மீந்ததைச் சிங்க்கில் ஊற்றாமல் இறுக விட்டுக் குப்பையில் போடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் அறையில் ஊற்றாதீர்கள், தரையில் சிந்திய துளியை முதலில் கண்டுபிடிப்பது அதுதான்.

வகுப்பு எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கதவடைத்த ஏசி அறையில் இருபது பேரை உட்கார வைக்காதீர்கள். சாதாரண அறை ஏசி இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, ஆவி வெளியே போவதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கட்டணத்தில் கையுறைச் செலவையும் சேர்த்துவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இல்லாத ஒவ்வாமையை நீங்களே வரவழைக்கிறீர்கள். நாங்கள் செய்யும் பேட்ச் டெஸ்டில் எபாக்சியை 1 சதவீதம் அளவுக்கு வாசலினில் நீர்க்கக் கலந்து முதுகில் ஒட்டுகிறோம். 2 நாள் கழித்து எடுத்துப் பார்த்து, 4-ஆம் நாளும் பார்க்கிறோம். அந்த நாள்களில் முதுகு நனையக் கூடாது. ஹார்டனர்கள் வழக்கமான பட்டியலில் இருக்காது, அதனால் நீங்கள் பயன்படுத்தியது எது என்று தெரிந்தால்தான் சரியானதை வரவழைத்துச் சோதிக்க முடியும்.

அரிப்பு தொடங்கியிருந்தால் ரெசினை இன்றே நிறுத்துங்கள். "இந்த ஆர்டரை முடிச்சிட்டு" என்பது வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை இமையில் தடவாதீர்கள், தொடர்ந்து தடவினால் கண் அழுத்தம் ஏறலாம். மருத்துவரிடம் வரும்போது இரண்டு பாட்டில்களின் லேபிள் படமும் பாதுகாப்புத் தகவல் தாளும் கைபேசியில் இருக்கட்டும். பாட்டிலையே கொண்டுவருவதானால் மூடியை இறுக்கி, இரண்டு பைகளில் போட்டு, நிமிர்த்தி வைத்து எடுத்து வாருங்கள். என் மேசையில் ஏற்கெனவே ஒரு மூலை ஒட்டுகிறது.