ஜூன் 15 வரை அவகாசம், வட்டி ஏப்ரல் 15 முதல்: வெளிநாட்டில் பணிபுரியும் அமெரிக்க வரிதாரர்களுக்கு

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் எந்த நாட்டில் சம்பாதித்தாலும், அதை அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் வாங்கும் சம்பளம், சென்னை வங்கியில் சேரும் வட்டி, ஊரில் வரும் வீட்டு வாடகை எல்லாம் அதில் அடங்கும். “இருக்கும் நாட்டிலேயே வரி பிடித்துவிட்டார்களே” என்று எண்ணிப் பலர் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இரட்டை வரியைத் தவிர்க்கும் சலுகைகள் உண்டு. ஆனால் அவற்றைக் கணக்குத் தாக்கல் செய்துதான் கேட்டுப் பெற முடியும்.

வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15. அன்றைய தேதியில் நீங்கள் குடியிருப்பதும், உங்கள் முக்கியப் பணியிடமும் அமெரிக்காவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் வெளியே இருந்தால், ஜூன் 15 வரை இரண்டு மாதம் தானாகவே கிடைக்கும். இதற்கு முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகைக்கு எப்படித் தகுதி பெறுகிறீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதிக் கணக்குடன் இணைத்தால் போதும். கணவனும் மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்தால், இருவரில் ஒருவருக்குத் தகுதி இருந்தாலே இருவருக்கும் அவகாசம் உண்டு.

அதுவும் போதவில்லை என்றால், ஜூன் 15-க்குள் 4868 என்ற படிவத்தை அனுப்பி அக்டோபர் 15 வரை நீட்டித்துக்கொள்ளலாம். அந்தப் படிவத்தில், வெளிநாட்டில் இருப்பவர் என்பதற்கான கட்டத்தைக் குறிக்க மறக்காதீர்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால், அக்டோபர் 15-க்குள் காரணம் கூறிக் கடிதம் எழுதி டிசம்பர் 15 வரை கேட்கலாம்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். இரண்டு மாத அவகாசம் கிடைத்தாலும் செலுத்தாத வரிக்கு வட்டி ஏப்ரல் 15-இலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். 4868 படிவமோ கணக்கைத் தாக்கல் செய்வதற்கு மட்டுமே நாள் தருகிறது, பணம் கட்டுவதற்குத் தருவதில்லை. ஜூன் 15-ஐத் தாண்டினால் வட்டியோடு, கட்டாத தொகைக்கு மாதம் 0.5 சதவீத அபராதமும் சேரலாம். நீட்டிப்பே கேட்காமல் தாக்கலையும் தாமதித்தால் அபராதம் மாதம் 5 சதவீதம், அதிகபட்சம் 25 சதவீதம். ஆகவே வரி வரும் என்று தோன்றினால், கணக்கு முடியாவிட்டாலும் உத்தேசத் தொகையை ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள். கூடுதலாகக் கட்டியது பின்னர் திரும்பி வரும்.

வெளிநாட்டுச் சம்பளத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு வருமானத்தில் ஒருவருக்கு 130,000 டாலர் வரை வரியிலிருந்து விலக்கலாம். இது உழைத்துப் பெறும் வருமானத்துக்கு மட்டுமே. வட்டி, ஈவுத்தொகை, வாடகை, ஓய்வூதியம் இதில் சேராது. தகுதி பெற ஒரு வழி, தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாள்கள் வெளிநாட்டில் இருப்பது. முழு நாள் என்றால் நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. விமானம் ஏறிய நாளும் இறங்கிய நாளும் கணக்கில் வராமல் போகலாம் என்பதால் பயணத் தேதிகளைக் குறித்துவையுங்கள்.

புதிதாக வெளிநாடு சென்றவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 2025 டிசம்பர் 1 அன்று சிங்கப்பூரில் இறங்கியவரின் முழு நாள் கணக்கு டிசம்பர் 2 அன்று தொடங்குகிறது. இடையில் ஒரு நாள்கூட வெளியேறாமல் இருந்தாலும் 330-ஆவது நாள் 2026 அக்டோபர் 27 அன்றுதான் வரும். அதாவது, அக்டோபர் 15 வரையிலான நீட்டிப்பு அவருக்குப் போதாது. இத்தகையோருக்காகவே 2350 என்ற தனிப் படிவம் இருக்கிறது. அதை ஜூன் 15-க்குள் அனுப்பினால், பொதுவாகத் தகுதி பெறும் நாளுக்குப் பின் 30 நாள் வரை நேரம் கிடைக்கும். தகுதிக் காலத்தில் 2025-க்குள் அடங்கும் நாள்களின் விகிதத்துக்கே அந்த ஆண்டின் விலக்கு கிடைக்கும்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: இந்த விலக்கு வருமான வரிக்குத்தான். சமூகப் பாதுகாப்புக்கான சுயதொழில் வரி இதனால் குறையாது. நீங்கள் இருக்கும் நாட்டில் அதிக விகிதத்தில் வரி கட்டுகிறீர்கள் என்றால், விலக்கைவிட வெளிநாட்டு வரிக் கழிவு, அதாவது அங்கே கட்டிய வருமான வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, லாபமாக இருக்கலாம். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வங்கிக் கணக்கு அறிக்கை இதிலிருந்து தனியானது. உங்கள் வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்திலும் உள்ள மொத்த இருப்பு ஆண்டில் எந்த ஒரு நேரத்திலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், அதைப் பின்சென் என்ற அமைப்புக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். இதற்கு ஏப்ரல் 15-இலிருந்து அக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு. தெரியாமல் விட்டவர்களுக்கும் அபராதம் 10,000 டாலருக்கு மேல் போகலாம்.

பல ஆண்டுகளாகவே தாக்கல் செய்யாதவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். வேண்டுமென்றே மறைக்காமல், அறியாமையால் விடுபட்டவர்களுக்கு எளிமைப்படுத்தப்பட்ட ஒரு நடைமுறை இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பதற்கான அதன் நிபந்தனைகளையும் நிறைவு செய்பவர்கள், கடந்த 3 ஆண்டுகளின் வரிக் கணக்கையும் 6 ஆண்டுகளின் வங்கி அறிக்கையையும், கட்டவேண்டிய வரியையும் வட்டியையும் செலுத்தி, அபராதமின்றிச் சமர்ப்பிக்கலாம். ஐ.ஆர்.எஸ். உங்களை முதலில் தொடர்புகொண்டு விசாரணை தொடங்கிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.