ஊசியை எண்ணாதீர்கள், பொபினை எண்ணுங்கள்

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி அழைத்தார். "அண்ணா, புது மெஷின். பன்னிரண்டு ஊசி இருக்கு, ஒண்டுதான் ஓடுது. மற்றதெல்லாம் பழுது போல கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஒரு தலையும் (ஊசிகள் பொருத்தியிருக்கும் பாகம்) அதில் 12 ஊசியும் உள்ள எம்பிராய்டரி மெஷின் எப்படி ஓட வேண்டுமோ அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 12 ஊசி என்றால் ஒரே நேரத்தில் 12 சின்னம் தைக்கும் என்று நம்பி, நகையை அடகு வைத்து முற்பணம் கட்டி, மீதியை லீசிங்கில் போட்டு வாங்கியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் ஒரு பாடசாலைக்கு 500 சின்னம் பத்து நாளில் தருவதாகச் சொல்லியும் விட்டார்.

இது முதல் தடவை என்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வெள்ளவத்தை, தெமட்டகொடை, வத்தளை என்று எங்கே போனாலும் இதே கதைதான். வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதில்லை. கடைசியில் பழுதுபார்க்கப் போகிற நான்தான் அந்த வீட்டில் நின்று உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபம் வருகிறது. அழுதுகொண்டு நிற்பவரிடம் அந்தக் கோபத்தைக் காட்டவும் முடியாது.

ஆகவே இதை ஆற அமரச் சொல்கிறேன். ஒரு தலையில் 6 ஊசி இருந்தாலும் 15 ஊசி இருந்தாலும் ஒரு நேரத்தில் தைப்பது ஒரே ஒரு ஊசிதான். மற்ற ஊசிகள் தங்கள் நிற நூலைக் கோத்துக்கொண்டு முறைக்காகக் காத்து நிற்கும். சிவப்பு முடிந்து பச்சை வர வேண்டுமென்றால் ஊசிப் பெட்டி முழுவதும் பக்கவாட்டில் நகரும், பச்சை நூல் உள்ள ஊசி துளைக்கு நேரே வந்து நிற்கும், அது தைக்கும். அவ்வளவுதான். அதிக ஊசி இருப்பதால் கிடைக்கிற நன்மை, நிறம் மாறும்போதெல்லாம் நீங்கள் எழும்பிப் போய் நூல் மாற்ற வேண்டியதில்லை என்பது. அது பெரிய நன்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு துணி தைபடாது.

சந்தேகமிருந்தால் கடையிலேயே குனிந்து ஊசித் தட்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே சுழலும் ஒரு ஹூக், அதற்குள் கீழ் நூல் சுற்றிய ஒரு பொபின். மேல் நூலைப் பிடித்துக் கீழ் நூலோடு பிணைப்பது அந்த ஹூக்தான். ஹூக் ஒன்று என்றால் தையலும் ஒன்று. ஒரே நேரத்தில் 4 துணி தைக்க வேண்டுமென்றால் 4 தலை வேண்டும். 4 தலைக்கு 4 ஹூக், 4 பொபின் இருக்கும். அதனால்தான் கேட்பவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்: ஊசியை எண்ணாதீர்கள், பொபினை எண்ணுங்கள்.

இப்போது அந்த 500 சின்னத்துக்கு வருவோம். சட்டைப்பையில் தைக்கிற சின்னத்துக்கு ஏறத்தாழ 7,000 தையல் வரும் என்று வையுங்கள். மெஷின் உண்மையில் நிமிடத்துக்கு 700 தையல் ஓடினால் தையலுக்கு மட்டும் 10 நிமிடம். நிறம் மாறுவதற்கு, நூல் அறுந்தால் கோப்பதற்கு, துணியை இறுக்கிப் பிடிக்கிற ஃபிரேமைக் கழற்றி மாட்டுவதற்கு எல்லாம் சேர்த்து 15 நிமிடம். மணிக்கு 4. எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினால் 32. ஐந்நூறுக்கு 16 நாள் வேண்டும். பெரிய ஃபிரேமில் ஒரே துணியில் 12 சின்னத்தை அடுக்கித் தைத்துப் பிறகு வெட்டி எடுக்கலாம். மாட்டிக் கழற்றுகிற நேரமும் நிறம் மாற்றுகிற நேரமும் மிச்சப்படும், நீங்களும் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் தையல் நேரம் அப்படியே இருக்கும். 6 தலை மெஷின் உள்ள ஒருவரிடம் கொடுத்தால் அதே வேலை மூன்று நாளில் முடியும்.

பெட்டியில் நிமிடத்துக்கு 1,000 தையல் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அது அதிகபட்ச வேகம். நீளமான தையல் வந்தால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஜரிகை நூல் போட்டால் நீங்களே 500, 600க்குக் குறைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒரு தரம் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கணக்குப் போடும்போது அந்த 1,000ஐ மறந்துவிடுங்கள்.

சரி, எந்த மெஷின் வாங்குவது? என்னிடம் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பது: என்ன தைக்கப் போகிறீர்கள்? "எல்லாம்தான் அண்ணா" என்றால் நான் பதில் சொல்வதில்லை.

குழந்தைத் துவாயில் பெயர், கைக்குட்டையில் இரண்டு எழுத்து, தலையணை உறையில் ஒரு சின்னப் பூ, இவைதான் வேலை என்றால் வீட்டுப் பாவனைக்கான ஒரு ஊசி மெஷினே போதும். ஆனால் ஃபிரேமின் அளவைப் பாருங்கள். ஆரம்ப நிலை மெஷின்கள் பலவற்றில் தைக்கும் பரப்பு 100க்கு 100 மில்லிமீட்டர்தான். அதில் சாரி பிளவுஸின் முதுகு வேலை வராது. அந்த மெஷினை வைத்துக்கொண்டு, டிசைனை நான்காக வெட்டி ஒட்டித் தைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தைக்கலாம். கோடு பொருந்தாமல் நான்கு பிளவுஸ் பாழான பிறகு அதை விட்டுவிடுவீர்கள்.

தொப்பி, தைத்து முடித்த சேர்ட், பை இவையெல்லாம் வேண்டுமென்றால், நீண்ட குழாய்க் கை உள்ள மெஷின் வேண்டும். துணி அந்தக் கையைச் சுற்றித் தொங்க வேண்டும். தட்டையான மேசை உள்ள மெஷினில் சேர்ட்டின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு பிரித்துக்கொண்டிருக்க நேரிடும். தொப்பிக்குத் தனி ஃபிரேம் உண்டு, அது விலையில் அடங்குமா என்று கேளுங்கள்.

பிளவுஸ் வேலைக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் கல்யாண சீசனில் எல்லோருக்கும் வேண்டியது ஆரி வேலை. அந்தப் படத்தைப் போனில் காட்டி, "இந்த மெஷினில் இது வருமா?" என்கிறார்கள். ஆரி கொக்கி ஊசியால் போடுகிற சங்கிலித் தையல். சாதாரண எம்பிராய்டரி மெஷின் போடுவது இரண்டு நூல் பிணையும் பூட்டுத் தையல். மணி கோக்காது, ஜர்தோசி வேலையின் உலோகக் கம்பிச் சுருளை இழுத்து வைக்காது. தட்டு ஜிகினா வைக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கருவி பூட்ட வேண்டும், அது பூட்டக்கூடிய மெஷினாகவும் இருக்க வேண்டும். மெஷினில் அடி வேலையைப் போட்டு, மணியைக் கையால் வைத்து நன்றாகச் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நல்ல தொழில். ஆனால் முழு முதுகு வேலை 60,000 தையலைச் சாதாரணமாகத் தாண்டும். நிமிடத்துக்கு 600 வைத்தால் தையல் மட்டும் 100 நிமிடம். விலை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிசைன். படத்தை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் மெஷின் தைத்துவிடாது. ஒருவர் உட்கார்ந்து, எங்கே ஊசி இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், அடித்தையல் எது, துணி சுருங்குவதற்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். இதற்கு டிஜிட்டைசிங் என்று பெயர். இது தனிக் கைத்தொழில். வில்கொம் போன்ற மென்பொருள்களின் விலையை விசாரித்துவிட்டு மெஷின் பட்ஜெட்டைப் போடுங்கள். கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்டிச்சில் தொடங்கலாம். வெளியே செய்விப்பதென்றால் உங்கள் மெஷின் எந்தக் கோப்பை வாசிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிரதர் என்றால் பி.ஈ.எஸ்., ஜனோமி என்றால் ஜே.ஈ.எஃப்., பெரிய மெஷின்களில் பொதுவாக டஜிமாவின் டி.எஸ்.டி. இந்த டி.எஸ்.டி. கோப்பில் நிறம் இருக்காது, நிறம் மாற வேண்டிய இடம் மட்டும்தான் இருக்கும். திரையில் நீலம் தெரிகிறதே, மெஷின் பழுதா என்று என்னைக் கூப்பிட வேண்டாம்.

கொழும்பில் இன்னொரு சிக்கல். இங்கே சின்னங்களில் மூன்று மொழியும் இருக்கும். மெஷினோடு வருகிற எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழும் சிங்களமும் சுழிகள் நிறைந்தவை. ண, ஞ போன்றவற்றை 8 மில்லிமீட்டருக்குக் கீழே சாதாரண 40ஆம் நம்பர் நூலில் தைத்தால் சுழி அடைத்து வெறும் பொட்டாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். 60ஆம் நம்பர் மெல்லிய நூலும் மெல்லிய ஊசியும் போட்டால் இன்னும் கொஞ்சம் சிறிதாக்கலாம். பாடசாலை அதிபர் 5 மில்லிமீட்டரில்தான் வேண்டும் என்று நின்றால், தைத்துக் காட்டுங்கள். ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்காதீர்கள்.

ஜப்பானில் பாவித்த மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு கெஞ்சல். அந்த நாட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று இருந்தால் தகுந்த ட்ரான்ஸ்ஃபோர்மர் இல்லாமல் எங்கேயும் செருகாதீர்கள். சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் மெஷினை இயக்குகிற மின்னணு போர்ட் போய்விடும்; போர்டின் விலைக்கு இன்னொரு பழைய மெஷினே வாங்கலாம் என்கிற நிலை பல மொடல்களில் உண்டு. பாவித்த சீன மெஷின் என்றால் வேறொரு தொல்லை: சிலவற்றில் தவணைக் காசு கட்டி முடியும்வரை போர்டில் பூட்டுப் போட்டிருப்பார்கள், குறித்த நாள் வந்ததும் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். முதல் சொந்தக்காரர் கட்டாத தவணைக்கு நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பூட்டுத் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

உதிரிப்பாகம் எல்லாம் டொலர் விலை. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டபோது, ஒரு ஹூக் மாற்ற முடியாமல் மெஷினை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த மொடலுக்கு ஹூக், நூல் வெட்டும் கத்தி, ஊசிக் கம்பி புறக்கோட்டையில் கிடைக்கிறதா என்று மெஷின் கடைக்குப் போகும் முன்பே விசாரியுங்கள்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேட்டால் போதும். ஓடுகிற நாளெல்லாம் ஹூக்குக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நூல் அறுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள், பிறகு நூலின் இழுவிசையில் கை வையுங்கள். காலி வீதியின் கடல் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றுக்கு ஊசிக் கம்பி துருவேறும். வேலை முடிந்ததும் மூடிவையுங்கள். கரண்ட் போனால் ஃபிரேமைக் கழற்றாதீர்கள், வந்ததும் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும், கழற்றினால் டிசைன் விலகிவிடும். மேல்மாடி வீடு என்றால் எடையையும் அதிர்வையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். 100 கிலோவைத் தாண்டும் மெஷின்கள் உண்டு, கீழ்வீட்டாரும் மனிதர்கள்தான்.

இதையெல்லாம்விட ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். மெஷின் வாங்கும் முன் ஓடர் எடுங்கள். மூன்று மாதம் ஓடர் பிடித்து, மெஷின் வைத்திருக்கிற யாரிடமாவது கூலிக்குத் தைப்பித்துக் கொடுங்கள். இலாபம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் உங்களிடம் வருவது தொப்பியா, சின்னமா, பிளவுஸா, மாதம் எத்தனை என்று அப்போது தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் தலை எத்தனை, ஊசி எத்தனை, ஃபிரேம் எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும். லீசிங்காரர் ஓடர் இல்லாத மாதத்துக்கும் தவணை கேட்பார்.

அப்புறம் கடைக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் பூ டிசைனைத் தைத்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் டிசைனையும், நீங்கள் தைக்கப் போகிற அதே துணியையும் கொண்டுபோய்த் தைக்கச் சொல்லுங்கள். தைத்ததைத் திருப்பி, பின்பக்கம் பாருங்கள். பட்டைத் தையலின் (சாட்டின் தையல்) நடுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பொபின் நூல் தெரிய வேண்டும். பில்லில் தலை எத்தனை, வோல்ட் எவ்வளவு, கூட வரும் ஃபிரேம்களின் அளவு, போர்டுக்கும் சேர்த்து வாரண்டி எத்தனை மாதம், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார்களா என்று எழுதி வாங்குங்கள். "எல்லாம் இருக்கு, எழுதத் தேவையில்லை" என்றால் அன்றைக்குக் காசு கட்டாமல் வீட்டுக்கு வாருங்கள்.